திறந்தவெளியில் நிற்கும் பழைய பயிற்சி விமானத்தைக் காப்பது எப்படி? நெல்லைச் சீமைக்கான முழுமையான வழிகாட்டி

விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற பயிற்சி விமானம் ஒரு கல்லூரிக்கோ பூங்காவுக்கோ அருங்காட்சியகத்துக்கோ வந்து இறங்கும் நாளில் பளபளவென்றுதான் இருக்கும். ஐந்தாறு வருடம் கழித்து வயிற்றுப் பக்கம் விரலால் தட்டிப் பாருங்கள். சில இடங்களில் தகடு பொருபொருவென்று உதிரும். மழைத்தண்ணீர் உள்ளே போயிருக்கும், வெளியேற வழியில்லாமல் நின்றிருக்கும், கடல் உப்பும் பறவை எச்சமும் அதோடு சேர்ந்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும்: தண்ணீர் எங்கே தங்குகிறது?

நெல்லைச் சீமையில் இந்தக் கேள்விக்கு ஊருக்கு ஊர் பதில் மாறும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடியில் சாரல் நாள் கணக்கில் தகட்டை ஈரமாகவே வைத்திருக்கும். பணகுடி, ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலை சுற்றும் அதே காற்று இறக்கையையும் தூக்கப் பார்க்கும். உவரி, திருச்செந்தூர், தூத்துக்குடிப் பக்கம் உப்புக் காற்று. சாத்தான்குளம், திசையன்விளைத் தேரிக்காடுகளை ஒட்டினால் செம்மணல் பறந்து வந்து பெயின்ட்டைத் தேய்க்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை எல்லா ஊருக்கும் பொது.

எந்த விமானம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பராமரிப்பு முறை விமானத்துக்கு விமானம் மாறும். நம் நாட்டில் காட்சிக்கு நிற்கும் பயிற்சி விமானங்களில் அதிகம் பேசப்படுபவை இவை.

எச்.டி.-2: வி.எம்.கட்டகே தலைமையில் பெங்களூருவின் அரசு விமான ஆலையான எச்.ஏ.எல். வடிவமைத்து 1951-இல் பறக்கவிட்டது. முன்பின்னாக இரண்டு இருக்கை, மூக்கில் 155 குதிரைத்திறன் சிர்ரஸ் மேஜர் இன்ஜின், வாலில் சிறு சக்கரம். வெற்று எடை சுமார் 700 கிலோதான்.

எச்.ஜே.டி.-16 கிரண்: 1964 செப்டம்பர் 4 அன்று முதலில் பறந்த ஜெட் பயிற்சி விமானம். ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். முதல் வகையில் வைப்பர் இன்ஜின், மார்க்-2 வகையில் ஆர்ஃபியூஸ் இன்ஜின். நீளமும் இறக்கை அகலமும் ஏறத்தாழ 10.6 மீட்டர். 1996-இல் உருவான சூர்யகிரண் சாகசக் குழு ஓட்டியது இந்த மார்க்-2-ஐத்தான்.

எச்.பி.டி.-32 தீபக்: 1977-இல் பறந்தது. 260 குதிரைத்திறன் லைகமிங் இன்ஜின். இன்ஜின் கோளாறுகளால் ஏற்பட்ட விபத்துகளைத் தொடர்ந்து 2009-இல் பறப்பது நிறுத்தப்பட்டது.

ஹார்வர்ட்: அமெரிக்க வடிவமைப்பு, 600 குதிரைத்திறன் வட்ட இன்ஜின். உடல் உலோகம் என்றாலும், வாலிலும் இறக்கையிலும் அசைந்து விமானத்தைத் திருப்பும் சுக்கான், எலிவேட்டர், எய்லெரான் மூன்றும் துணி போர்த்தியவை. டைகர் மாத் விமானமோ பெரும்பகுதி மரமும் துணியும். துணியும் மரமும் உள்ள விமானத்தை நம் ஊர் வெயிலிலும் மழையிலும் வெளியே நிறுத்தவே கூடாது. அதற்குக் கட்டடம்தான் வேண்டும். கட்டடம் இல்லையென்றால் அந்த விமானத்தைக் கேட்டு வாங்காதீர்கள்.

கிரண் என்றால் பலருக்கும் தாம்பரம் ஞாபகம் வரும். விமானப்படையின் பறப்பு ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி அங்கேதான் இருக்கிறது. ஒரு பாகம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று சந்தேகம் வந்தால் பெங்களூரு எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய், எச்.டி.-2, கிரண் இரண்டையும் எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுத்து வாருங்கள். வயிற்றுப் பக்கப் படங்கள்தான் பின்னால் அதிகம் கைகொடுக்கும்.

முதல் படி: ஏறுவதற்கு முன் ஆபத்துகளை நீக்குவது

இதை முடிக்காமல் துடைக்கக்கூட யாரையும் ஏறவிடாதீர்கள்.

கிரணில் இருப்பது வெடிமருந்தால் விமானியை வெளியே வீசும் மார்ட்டின்-பேக்கர் இருக்கை. மஞ்சளும் கறுப்பும் கோடு போட்ட பிடியை இழுத்தால் இருக்கை கிளம்பிவிடும். வெடிமருந்துக் குப்பிகள் எடுக்கப்பட்டுவிட்டன என்று வாய்மொழியாகச் சொன்னால் போதாது. ஒவ்வொரு இருக்கைக்கும் தனித்தனியாக, எந்தெந்தக் குப்பி, என்று, யாரால் எடுக்கப்பட்டது என்று எழுதிய சான்று ஒப்படைக்கும் தரப்பிடமிருந்து கையில் இருக்க வேண்டும். இருக்கையில் ஒன்றல்ல, பல குப்பிகள் உண்டு. பெரியதை எடுத்துவிட்டுச் சிறியதை மறப்பதுதான் பெரிய ஆபத்து. சான்று இல்லையென்றால், இருக்கைகளுக்கு மேல் இருக்கும் கண்ணாடி போன்ற அக்ரிலிக் மூடியான கேனப்பியைத் திறக்காமல் வேலி போட்டுவிட்டு, விமானப்படைக்கு எழுதுங்கள். தெரிந்த மெக்கானிக்கை வைத்து இதில் கைவைப்பது உயிரோடு விளையாடுவது.

அடுத்தது மீட்டர்கள். 1940 முதல் 1960-கள் வரையான விமானங்களின் மீட்டர் முட்களிலும் எண்களிலும் ரேடியம் பூசியிருக்கலாம். இருட்டில் ஒளிரவில்லையே என்று தைரியம் கொள்ளாதீர்கள். ஒளிரும் பூச்சுதான் செத்திருக்கும். ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். கண்ணாடி உடைந்த மீட்டரைத் தொடாமல், தடித்த பாலித்தீன் பையால் மூடி டேப் ஒட்டி, கதிர்வீச்சு அளக்கத் தெரிந்தவர்களை அழையுங்கள். பூச்சைச் சுரண்டுவதோ மீட்டரைத் திறப்பதோ கூடவே கூடாது. ரேடியத்திலிருந்து ரேடான் வாயு கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே பூட்டிக் கிடந்த காக்பிட்டை, அதாவது விமானி உட்காரும் அறையைத் திறந்தால் அரை மணி நேரம் காற்றாட விட்டுப் பிறகு தலையை நீட்டுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பேட்டரி, ஆக்ஸிஜன் சிலிண்டர், தீயணைப்புக் குப்பி மூன்றும் வெளியே வந்திருக்க வேண்டும். எரிபொருள் தொட்டி வற்றியிருந்தாலும் ஆவி இருக்கும்; நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டி ஆபத்தானது. அருகில் வெல்டிங்கும் கிரைண்டரும் வேண்டாம். ஹைட்ராலிக் குழாய்களிலும் சக்கரக் கால்களிலும் வருடக்கணக்கில் அழுத்தம் அடைபட்டுக் கிடக்கும். நட்டைத் தளர்த்தினால் எண்ணெய் தோலைத் துளைக்கும் வேகத்தில் பாயும். உள்ளே தெரியும் மஞ்சள் கலந்த பச்சை ப்ரைமர் குரோமேட் வகையாக இருக்கலாம். அது புற்றுநோய் வரவைக்கும் பொருள் என்பதால் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. சக்கர நடுப்பகுதி, சில இன்ஜின் உறைகள் மக்னீசியக் கலவையாக இருக்கும். கிரைண்டர் பட்டுத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினால் இன்னும் கொழுந்துவிடும். பக்கத்தில் காய்ந்த மணல் 2 வாளி இருக்கட்டும்.

இரண்டாம் படி: மேடையும் கூரையும்

2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது, தாமிரபரணி கரை புரண்டது. மேடையின் உயரத்தை முடிவு செய்வதற்கு முன் அந்த வெள்ளத்தில் அந்த இடத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்து வீடுகளில் கேளுங்கள். சுவரில் கறை இன்னும் தெரியலாம். அதற்கு மேல் 30 செ.மீ. வைத்து மேடையைக் கட்டுங்கள். மேல்தளம் மையத்திலிருந்து வெளிப்புறம் மீட்டருக்கு 1 செ.மீ. சரிவாக இருக்கட்டும். சுற்றிப் புல்தரை வேண்டாம். தண்ணீர் பாய்ச்சப் பாய்ச்ச வயிற்றுக்கு அடியில் ஈரம் ஏறும். சரளை போதும்.

கூரைக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் பெயின்ட்டுக்குச் செலவழிக்கும் பத்து ரூபாய்க்குச் சமம். கிரணுக்கு உள்ளளவு 14 × 14 மீட்டர், உயரம் 5 மீட்டர் இருந்தால் சுற்றி வந்து வேலை செய்யலாம். பக்கங்களைத் திறந்தே விடுங்கள், கூரை மட்டும் ஒரு மீட்டராவது வெளியே நீளட்டும். நான்கு பக்கமும் தகடு அடித்த கொட்டகை, சித்திரை வெயிலில் அடுப்பாகி, இரவில் வேர்த்து, விமானத்தின் மேலேயே சொட்டும்.

மூன்றாம் படி: அம்மி பறக்கும் காற்றில் கட்டி வைப்பது

இதைப் பலர் கணக்கே போடுவதில்லை. இன்ஜின் ஓடாவிட்டாலும் இறக்கை இறக்கைதான், காற்றடித்தால் தூக்கும்.

எச்.டி.-2-ஐ எடுத்துக்கொள்வோம். இறக்கைப் பரப்பு சுமார் 16 சதுர மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வீச்சு என்றால் நொடிக்கு 27.8 மீட்டர். வெப்பமான காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.15 கிலோ. 0.5 × 1.15 × 27.8 × 27.8 போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 444 நியூட்டன். வால் தரையில், மூக்கு வானத்தைப் பார்த்து நிற்கும் நிலையில், காற்றழுத்தத்தில் எவ்வளவு தூக்காக மாறுகிறது என்று காட்டும் தூக்கு எண் 1-ஐத் தொடும். மொத்தம் 7,100 நியூட்டன், அதாவது சுமார் 720 கிலோ தூக்கு. விமானமோ 700 கிலோ. இன்ஜினைக் கழற்றியிருந்தால் அதிலும் நூறு கிலோவுக்கு மேல் குறையும். கணவாய்ப் பக்கம் சூறைக்காற்று வீசும் ஒரு சாயங்காலத்தில் அது புரண்டு கிடந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

செய்ய வேண்டியது இதுதான். வாலை ஒரு ஸ்டாண்டின் மேல் ஏற்றி, உடல் கிடைமட்டமாக வரும்படி நிறுத்துங்கள். காற்றுக்கு இறக்கை காட்டும் கோணம் குறையும், தூக்கும் பல மடங்கு குறையும். வாலை ஸ்டாண்டோடு போல்ட் போட்டுப் பிணைக்க வேண்டும், இல்லையென்றால் பின்னாலிருந்து ஒரு வீச்சு வந்தாலே மூக்கில் குத்திவிடும். பிறகு இரண்டு இறக்கைக்கும் வாலுக்கும் தரைக்குள் 60 × 60 × 60 செ.மீ. கான்கிரீட் கட்டை மூன்று. ஒவ்வொன்றும் சுமார் 520 கிலோ வரும். கட்டும்போது கம்பி வளையத்தைக் கட்டைக்குள் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். கட்டுவதற்கு 16 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு. தேங்காய்நார்க் கயிறு வேண்டாம். நனைந்தால் சுருங்கி இறக்கையை இழுக்கும், காய்ந்தால் தொளதொளக்கும். வெயில் பாலியெஸ்டரையும் தின்னும், ஆகவே ஒவ்வொரு வைகாசியிலும் புதுக்கயிறு போடுங்கள்.

சுக்கான், எலிவேட்டர், எய்லெரான் மூன்றையும் அசையாமல் பூட்டுங்கள். துணி சுற்றிய இரண்டு மரப்பலகைக்கு நடுவே இறுக்கினாலே போதும். டப் டப் என்று அடித்துக்கொண்டே இருந்தால் ஒரே ஆடி மாதத்தில் கீல்களின் ஓட்டை பெரிதாகிவிடும்.

தீபக்கின் மூக்கிலிருந்து இன்ஜினை எடுத்திருந்தால் பின்பாரம் கூடி வால் தரையில் உட்கார்ந்துவிடக்கூடும். எடுத்த எடைக்குச் சமமாக இன்ஜின் இருந்த இடத்திலேயே இரும்புப் பாளத்தைப் போல்ட் போட்டு மாட்டுங்கள். மணல் மூட்டை வைக்காதீர்கள். ஈரத்தை உறிஞ்சி அங்கேயே வைத்திருக்கும்.

டயர்: காற்று நிரம்பிய பழைய விமான டயர் வெயிலில் வெடித்தால் ஆளைக் கொல்லும். பாரம் முழுவதையும் ஜாக் வைக்கும் இடங்களுக்குக் கீழே இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி 1 செ.மீ. இடைவெளி விட்டு, டயரில் வடிவம் நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று வைத்திருங்கள். சுருங்கி விரியும் சக்கரக் கால்களில், பளபளக்கும் தண்டைச் சுற்றி இரண்டாகப் பிளந்த குழாயை நைலான் தாள் வைத்து இறுக்கினால் எண்ணெய் கசிந்தாலும் விமானம் ஒரு பக்கம் சாயாது.

நான்காம் படி: தண்ணீர் வெளியேறும் ஓட்டைகள்

உடலின் அடிப்பக்கத்திலும் இறக்கையின் கீழும் வால்பகுதியிலும் 6 முதல் 10 மி.மீ. விட்டத்தில் வடிகால் ஓட்டைகள் இருக்கும். தொழிற்சாலையிலேயே போட்டவை. தூசியும் குளவி மண்ணும் பழைய பெயின்ட்டும் இவற்றை அடைத்துவிடும். தென்னை ஈர்க்கை எடுத்துக் குத்துங்கள். கம்பியால் குத்தினால் ஓட்டையின் விளிம்பில் கீறல் விழுந்து அங்கேயே அரிப்பு பூக்கத் தொடங்கும். குத்தியதும் ஈர்க்கின் நுனியைப் பாருங்கள். கறுப்புச் சேறு வந்தால் வெறும் தூசி. வெள்ளையாக, சுண்ணாம்பு போல வந்தால் உள்ளே அலுமினியம் அரித்துக்கொண்டிருக்கிறது. அந்த அறையின் மூடியைத் திறந்தே ஆக வேண்டும்.

ஒவ்வொரு ஓட்டைக்கும் எண் கொடுத்து, விமானத்தின் அடிப்பக்கப் படம் ஒன்றில் குறித்து வையுங்கள். புரட்டாசி முதல் வாரத்தில் எல்லாவற்றையும் குத்திப் பாருங்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு மணி நேரத்தில் கீழே படுத்துப் பாருங்கள்: எந்த ஓட்டையில் சொட்டுகிறது, எதில் சொட்டவில்லை? மேலே தண்ணீர் புக வழி இருந்தும் கீழே சொட்டாத ஓட்டைதான் நோயாளி. விமானம் ஸ்டாண்டில் ஏறிய பிறகு சாய்மானம் மாறுவதால், பழைய ஓட்டைக்குத் தண்ணீர் வராமல் வேறு மூலையில் குளம் கட்டுவதும் உண்டு. ஸ்டாண்டின் உயரத்தை இரண்டு செ.மீ. மாற்றினாலே பல நேரம் சரியாகிவிடும். புது ஓட்டை போடுவது கடைசி வழி.

இன்ஜினுக்குக் காற்று போகும் வாயான இன்டேக், ஜெட் குழாய், சக்கரக் குழி எல்லாவற்றுக்கும் 12 மி.மீ. கண்ணுள்ள ஸ்டெயின்லெஸ் வலை அடியுங்கள். இது மைனாவையும் அணிலையும் தடுக்கும், காற்றைத் தடுக்காது. பலகை வைத்து அடைத்தால் உள்ளே வேர்த்து ஈரம் தங்கும். வலை விமானத் தகட்டை நேரடியாகத் தொடாமல் ரப்பர் பட்டை வையுங்கள். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டி இருந்தால் அலுமினியம்தான் கரையும். மயில் இறக்கை மேல் ஏறி உட்காரும் ஊர் நம்முடையது. எச்சத்தை அன்றன்றே நனைத்துத் துடைத்துவிடுங்கள், காயவிட்டுச் சுரண்டாதீர்கள்.

காக்பிட்டுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது வீண். காற்று வந்துபோகும் இடத்தில் ஒரு மழை நாளிலேயே அது நிறைந்துவிடும். கேனப்பியை ஒரு விரல்கடை திறந்து, மரக்கட்டை வைத்து, இடைவெளியில் கொசுவலை ஒட்டுவது அதைவிட நல்லது.

ஐந்தாம் படி: கழுவுவது

கடற்கரையை ஒட்டிய ஊர்களில் மாதம் ஒருமுறை, மற்ற இடங்களில் 3 மாதத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும். அதிகாலையில், தகடு சூடேறும் முன் முடித்துவிடுங்கள்.

தண்ணீரை முதலில் சோதியுங்கள். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்தில் பல போர்த் தண்ணீர் உப்பு. அதில் கழுவினால் உப்பை நீங்களே பூசிவிடுகிறீர்கள். கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 200-க்குக் கீழே இருக்கும் தண்ணீரால் கடைசி அலசு அலசுங்கள். சேமித்த மழைநீரோ ஆற்றுத் தண்ணீரோ நல்லது. 10 லிட்டருக்கு 50 மி.லி. காரமோ அமிலமோ இல்லாத திரவ சோப்பு. கீழிருந்து மேலாகச் சோப்பு போட்டு, மேலிருந்து கீழாக அலசினால் கோடு விழாது. பைக் கழுவும் பிரஷர் பம்பு வேண்டாம். ரிவெட் இடுக்குகளுக்குள் தண்ணீரை ஏற்றிவிடும்.

புளி, எலுமிச்சை, சலவைச் சோடா, பிளீச்சிங் பவுடர், இரும்பு நார் எதுவும் விமானத்துக்கு அருகே வரக்கூடாது. பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கும் புளி அலுமினியத்தில் குழி பறிக்கும். சோடாவும் அப்படியே. இரும்பு நாரின் துணுக்குகள் தகட்டில் பதிந்து, துருப்பிடித்து, அங்கிருந்து அரிப்பு தொடங்கும். பளபளப்பாக்க ஆசைப்பட்டு உப்புத்தாள் போடுவது இன்னும் மோசம். விமானத் தகட்டின் மேல் சுத்த அலுமினியம் மெல்லிய தோலாக ஒட்டியிருக்கும், 1 மி.மீ. தகட்டில் அது 0.05 மி.மீ. அளவுதான். அடியில் இருக்கும் செம்பு கலந்த வலுவான உலோகத்தை அரிப்பிலிருந்து காப்பது அந்தத் தோல்தான். போனால் திரும்ப வராது.

கேனப்பிக்குத் தனி முறை. மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டே வெறும் உள்ளங்கையால் தடவுங்கள். மணல் இருந்தால் துணிக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். பிறகு சுத்தமான பருத்தித் துணியால் ஒரே திசையில் ஒற்றி எடுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் ஸ்பிரே, பெட்ரோல், தின்னர் பட்டால் அக்ரிலிக் முழுக்க மயிரிழை வெடிப்பு ஓடும். தார்ப்பாய் போட்டு மூடினால் காற்றில் அது அடித்து அடித்தே தேய்த்துவிடும். வெள்ளைப் பருத்தி உறை தைத்துப் போடுங்கள்.

ஆறாம் படி: அரிப்பைக் கண்டுபிடித்து நிறுத்துவது

பெயின்ட்டுக்கு அடியில் மண்புழு ஓடியது போலக் கோடு தெரிந்தால் மேலோட்டமான அரிப்பு. இரண்டு ரிவெட்டுக்கு நடுவில் தகடு தலையணை போல உப்பியிருந்தால் உள்ளே இரண்டு தகட்டுக்கு இடையில் பூத்திருக்கிறது. அரித்த பொருள் உலோகத்தைவிட இடம் அதிகம் கேட்பதால் வரும் உப்பல் அது. தடித்த பாகங்களின் ஓரம் இலை இலையாகப் பிரிந்தால் வலு போய்விட்டது. அங்கே கயிறு கட்டாதீர்கள், ஆளை ஏற்றாதீர்கள்.

மேலோட்டமானதற்கு ஈரமாக வைத்து நைலான் நார்த் தேய்ப்பான், பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால், அதே நாளில் எபாக்ஸி ப்ரைமர். மூடிகளின் உட்புறத்துக்கு லானோலின் கலந்த துருத்தடுப்பு ஸ்பிரே வருடம் ஒருமுறை. முழுப் பெயின்ட் வேலையைத் தை, மாசியில் வையுங்கள். காற்றும் அடங்கியிருக்கும், ஈரமும் குறைவு. அடிக்கும் முன் ஒவ்வொரு எழுத்தையும் எண்ணையும் எச்சரிக்கைக் குறியையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, டிரேஸிங் தாளில் நகல் எடுத்துவிடுங்கள். 'இங்கே மிதிக்காதே' என்று இறக்கையில் இருக்கும் சின்ன வரிகூட அந்த விமானத்தின் சரித்திரம். விமானத்தின் சொந்த எண்ணை மாற்றி, புகழ்பெற்ற வேறொன்றின் எண்ணை எழுதுவது பொய். பெயின்ட்டர் வடிகால் ஓட்டைகளை மூடிவிடாமல் ஒவ்வொன்றிலும் ஓர் ஈர்க்கைச் செருகி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள், காய்ந்ததும் உருவிக்கொள்ளலாம்.